முற்றத்தில் நின்றவள்

பள்ளத்தூர் பங்களா ஓட்டலுக்கு வெப்சைட் செய்த அனுசுயா, எல்லா பிரவுசரிலும் திறந்து பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். பார்த்தது ஒன்றில்தான்.

ஓட்டல்கார உமையாள் ஆச்சி தன் பழைய போனை நீட்டினார்.

"ஏத்தா, இந்த முற்றத்துப் படத்துல நம்ம பாத்திரம் வெளக்குற சோலையம்மா சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எம்மகன் போன்ல காணோமே?"

அனுசுயா கூனிக்குறுகினாள். சோலையம்மாள் அவளைப் பெற்றவள். ஆச்சிக்கு அது தெரியாது. மகள் படமெடுக்கிறாள் என்று சிரித்தபடி நின்றவளைப் படத்திலிருந்து அழித்த பிறகுதான் அனுசுயா அதை ஏற்றினாள். அழிக்காத படம் வெப்சைட்டில் எங்குமே இல்லை.

"பிரவுசர் கோளாறு ஆச்சி. யாரோ வேலைக்காரம்மா போல. இப்பவே எடுத்துர்றேன்."

ஆச்சியின் போனை வாங்கிப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அம்மா அதே இடத்தில்தான் நின்றாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.