மூன்றாவது நோட்டீஸ்

"இது மூணாவது நோட்டீஸ். உங்க சுவர் ரெண்டடி தெருவுல நிக்குது. கையெழுத்துப் போடுங்க," என்றார் நகராட்சி ஆய்வாளர்.

"இன்னும் எத்தனை நோட்டீஸ் தருவீங்க?"

"சட்டப்படி மூணுதான். அடுத்து மெஷின் வந்து இடிச்சிடும்."

"நீங்களும் வருவீங்களா?"

"எனக்கு நோட்டீஸ் கொடுக்கத்தான் அதிகாரம். இடிக்கிறது வேற ஆளுங்க."

அவள் எழுத்துக் கூட்டுவதுபோல் மெல்லக் கையெழுத்திட்டாள். அவர் முகம் பாராமல் வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினார்.

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "கொத்தனாருக்கு அரை நாள் வேலை. முதல் நோட்டீஸுக்கே இடிச்சிருக்கலாம்ல அக்கா?"

"இடிச்சிருந்தா என் புள்ள மறுபடி வாசலுக்கு வந்திருப்பானா? விரும்பின பொண்ணை வேண்டாம்னு சொன்னதுக்கு ஆறு வருஷமா என்கூடப் பேசல. அவன் இந்த வார்டுக்கு ஆபீசரா வந்த பிறகுதான் இந்தச் சுவரையே கட்டினேன்."