மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்

ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் கட்டம்போட்ட பாவாடைக்கு முன்னால் தொங்கவிடும் ஸ்போரன் என்ற பையை வெறும் அலங்காரம் என்று உலகம் நம்புகிறது. இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. அந்தப் பாவாடையில் பாக்கெட் கிடையாது. பை இல்லாவிட்டால் சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் போகவேண்டும்.

டூகல் என்ற வெள்ளாட்டுக் கிடா தன் கல்யாணத்துக்கு அப்படியொரு பை வாங்க நரியின் கடைக்குப் போனான். ஆனால் மனம் பையில் இல்லை. "உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவராவது வராமல் பெண்ணைத் தரமாட்டோம்" என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். டூகலுக்கோ உறவென்று யாருமே இல்லை.

"இது மாட்டுத் தோல், கையால் தைத்தது, மழைக்குத் தாங்கும். அது ரோமம், பகட்டாக இருக்கும், ஆனால் கொட்டும்" என்றது நரி.

டூகல் தோல் பையைக் கட்டிப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.

"மாட்டைக் கட்டிக்கொண்டா மணவறைக்குப் போகிறாய்?" என்றது ரோமப் பை. "தாடியைப் பார்த்துமா தெரியவில்லை? நான் உன் பெரியப்பாடா!"

"பெரியப்பா! இங்கே எப்படி வந்தீர்கள்?"

நரி இருமியது.

"அது கிடக்கட்டும். எனக்குப் பத்திரிகை வைத்தாயா?"

டூகல் அவசரமாகத் தோல் பையை அவிழ்த்தான். "நேரில் அழைக்கத்தான் வந்தேன் பெரியப்பா. நீங்கள்தான் முன்னால் நின்று நடத்திக்கொடுக்கவேண்டும்."

"முன்னால்தான் தொங்குவேன். ஆனால் என் வயிற்றுக்குள் எதையாவது திணித்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவேன்."

பெண் வீட்டார் மரியாதையில் குறை வைக்கவில்லை. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கு இடுப்பிலும் ஒரு மாலை தொங்குகிறது.