சத்தமில்லாத ஆறு நிமிடம்

"முதல்ல அந்த மீசையை எடு. அப்புறம் வந்து என்கிட்ட பேசு."

டோனட் பெட்டிகளை மேசையில் அடுக்கியபடி கிம்லெங் சொன்னாள். சம்னாங் வழக்கம்போலச் சிரித்து மழுப்பினான். மேலுதட்டை மூடித் தொங்கும் அந்த மீசை அவனுக்கு உயிர். தலையில் கொட்டிய முடியெல்லாம் மூக்குக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

"அக்கா, இருந்து படம் பாத்துட்டுப் போங்களேன்" என்றான், பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்து.

அவள் திரும்பவே இல்லை.

"பாத்தியா ராங்கியை!" என்றாள் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த ஸ்ரேமோம். "லாங் பீச்சுல நம்ம ஜனம் பாதி இவ டோனட்டைத் தின்னுதான் வளர்ந்துச்சு. ஒருத்தருக்காவது ஒழுங்கா பதில் சொல்லியிருக்காளா?"

கிம்லெங்கின் கணவர் ஹேங் அவள் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக ஏதோ சொன்னார்.

"படமா? முன் வரிசைன்னா உக்கார்றேன்" என்றாள் அவள். நடு இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண்ணை எழுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

புத்தாண்டையொட்டி, அமெரிக்காவில் குடியேறிய கம்போடியர்கள் நடத்தும் கெமர் மொழிப் பட விழா. காலையிலிருந்து நடனம், ஓவியம், புதுப்பையன்களின் குறும்படம் என்று எல்லாம் முடிந்து, கடைசியாக வந்தது சம்னாங்கின் ஆறு நிமிடம். பாரிஸில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடைத்த துண்டுப் படம். அதில் சத்தம் கிடையாது. அந்தக் காலத்தில் கொட்டகையில் திரைக்குப் பின்னால் ஆட்கள் நின்று வசனம் பேசுவார்கள். பிறகு வந்த கொலைகார ஆட்சியில் பேசியவர்களும் போனார்கள், நடித்தவர்களும் போனார்கள்.

அதில் நடித்தவள் சம்னாங்கின் அம்மா. அவனுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அவளைப் பிடித்துக்கொண்டுபோனார்கள்; திரும்பி வரவில்லை. அம்மாவின் முகம் இந்தப் படத்தில் கிடைத்துவிட்டது, பேச்சு கிடைக்கவில்லை. மூன்று வருடமாக ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லோரையும், ஒருவர் விடாமல், சம்னாங் கேட்டுவிட்டான். யாருக்கும் நினைவில்லை.

மேடையேறிக் கை கூப்பினான். "எங்கம்மா இதுல என்ன பேசறாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருந்தா, தயவுசெஞ்சு வாய்விட்டுச் சொல்லுங்க."

அவன் இறங்கி இருக்கைகளுக்குப் பின்னால் போய் நின்றான்; ஹேங் மனைவி பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். படம் ஓடியது. மழை, ஓலைக் குடிசை, துணித் தொட்டில்.

"மழை விட்டுடுச்சு. நீங்க கிளம்புங்க."

எல்லோரும் திடுக்கிட்டார்கள். முன் வரிசையிலிருந்து கிம்லெங்கின் குரல். ஏற்ற இறக்கம் இல்லாத, கடையில் மாவு மூட்டைக்காரனை அதட்டும் அதே குரல்.

திரையில் கதாநாயகனின் வாய் அசைந்தது. "உன்னையும் பிள்ளையையும் விட்டுட்டு எப்படிப் போவேன்?" என்றாள் கிம்லெங்.

சம்னாங் பின்னாலிருந்து எக்கி அவளைப் பார்த்தான். அம்மாவின் பேச்சு இத்தனை வருடம் வீட்டுக்கு எதிரே இருக்கும் டோனட் கடையிலேயே இருந்திருக்கிறதே!

கதாநாயகன் திரும்பி நின்று பேசினான். அவன் முதுகுதான் தெரிந்தது. கிம்லெங்கும் பேசவில்லை.

"மறந்துட்டாபோல" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. குரலும் திரும்ப வந்தது.

"பயப்படாதீங்க. நாங்க எங்க இருந்தாலும் நீங்க தேடி வந்துடுவீங்க."

அம்மா தொட்டில் பக்கம் குனிந்தாள்.

"தூங்குடா, அம்மா இங்கதான் இருக்கேன். தூங்குடா..." கிம்லெங் ஒரு கணம் தயங்கினாள். "நண்டா? ஆமா, நண்டுன்னுதான் சொல்றா. தூங்குடா நண்டு."

கதைப்படி குழந்தையின் பெயர் ரித்தி. பழைய நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. நண்டு என்பது சம்னாங்கின் செல்லப் பெயர். பக்கவாட்டில் தவழ்ந்ததால் வீட்டில் வைத்த பெயர். அவனை வளர்த்த பெரியம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள், அவளும் போய்ப் பதினெட்டு வருடம். திரையில் ஆடும் தொட்டிலில் கிடப்பது யார் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

விளக்கு எரிந்தது. ஸ்ரேமோம் சீட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

சம்னாங் இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். "அக்கா! நீங்க ஷூட்டிங்ல இருந்தீங்களா? எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்கக்கா!"

கிம்லெங் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை.

ஹேங் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். "அவளுக்கு உங்கம்மாவைத் தெரியாது தம்பி. இந்தப் படத்தையே இன்னிக்குத்தான் பாக்குறா."

"விளையாடாதீங்கண்ணே. அப்புறம் எப்படி வார்த்தைக்கு வார்த்தை...?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. இன்னிக்கு அவளே காட்டிக் கொடுத்துட்டா" என்றார் ஹேங். "ஊரைவிட்டு ஓடி வந்தப்போ பக்கத்துலயே குண்டு விழுந்துச்சு. அப்ப அவளுக்கு இருபது வயசு. அன்னிக்குப் போன காது இன்னும் திரும்பல. அவ நம்ம எல்லார் பேச்சையும் உதட்டுலதான் படிக்கிறா."

சம்னாங் அவள் முன்னால் போய் மண்டியிட்டான். இரண்டு விரலால் மீசையை மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணெதிரே, வாயை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொன்னான்: "நன்றிக்கா."