அக்காவுக்கு மட்டும் விளங்கும் குரல்

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டு டைப் செய்யும் ஆபீஸ் அது. அக்காவுக்குப் பக்கத்து சீட்டுக்காரன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தான்.

"சனியன், வாய்க்குள்ளயே மென்னு முழுங்குது! சொன்னது மருந்தா, நோயான்னே தெரியல. அந்த இடத்தைக் காலியா விட்டுடவா சார்?"

"விட்டா என் தலை உருளும். அக்காகிட்ட குடு," என்றார் சூப்பர்வைசர்.

அக்காவுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. கடுகடுத்த முகத்தோடு ஒரே தடவை கேட்டுவிட்டு, படபடவென்று தட்டி முடித்தாள். அந்த டாக்டரின் அறிக்கையில் அவள் ஒரு சொல்லைக்கூடக் காலியாக விட்டதில்லை.

"எப்படிக்கா?"

"திமிர் பிடிச்ச ஆளு. மூச்சு விடுறதை வச்சே சொல்லிடுவேன்."

"தெரிஞ்சவரா?"

"உன் வேலையைப் பாரு."

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, சோபாவில் இருந்தவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

"நேத்து எங்கம்மா எதிர்ல உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாது. தப்புதான்."

அதே குரல். அதே மென்று முழுங்கல்.

"ஒரு வார்த்தையும் வெளங்கல," என்றாள் அக்கா, தன் கணவரிடம். "உள்ள இருக்கிற உங்கம்மாவுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க டாக்டர்!"