போறேன்னு சொல்லக் கூடாது

“அந்த லென்ஸ் உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?” என்றாள் அக்கா.

தங்கை ஓரம் தேய்க்கும் இயந்திரத்தில் லென்ஸை வைத்து இன்னும் அழுத்தினாள். முனை ‘டக்’கென்று உடைந்தது. உடைந்ததைக் குப்பைக் கூடையில் வீசிவிட்டு, அக்காதான் உடைத்ததுபோல அவளை முறைத்தாள்.

அது அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் சுவர் நிறைய ஃபிரேம்கள். தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் இடம். தங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமென்பதால் வீட்டில் எல்லாருக்கும் அவள் மிளகாய்தான். ஆனால் இந்த ஒரு வாரமாக இருப்பது அந்தக் கோபம் இல்லை. சோறு இறங்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் ஃபிரேம் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்றதற்கு, மூக்கைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கோடை விடுமுறையில் லென்ஸ் வடிவமைப்பு படிக்க அவளை வெளிநாட்டுக்கு அனுப்பியது அக்காதான். போன இடத்தில் அவளுக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள், ஆளுக்கொரு நாட்டுக்காரி. சுருண்ட வெள்ளை முடிக்காரிக்குப் பஞ்சு என்றும், நெட்டையாக இருந்தவளுக்கு ஒட்டகம் என்றும் மிளகாயே பெயர் வைத்தாள். விடுதி அறையில் மூன்று கட்டில்களையும் ஒட்டிப் போட்டுத்தான் தூங்கினார்கள். கிளம்பும்போது, தன் கையால் தேய்த்த கண்ணாடி ஒன்றை, அக்கா கடையின் பெட்டியிலேயே வைத்துப் பஞ்சுவுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஊர் திரும்பிய புதிதில் மூவரும் ஃபோனை விட்டு எழுந்ததே இல்லை. பிறகு பேச்சு குறைந்தது. கடைசியில், எப்போது கூப்பிட்டாலும் வேலையாக இருக்கிறோம் என்றே இருவரும் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது அலைச்சல் இருக்கும் என்று அக்கா சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆயிற்று.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வகுப்புக்கே போகாம ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்கக்கா. அது பொய்யா அப்ப? இங்க நான் ஒருத்தி பைத்தியம் மாதிரி ஃபோனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

“நேராவே கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டேன். நான் வேணுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்கடின்னு கேட்டேன். பஞ்சு ஒரே வார்த்தையில சொல்லிட்டா. ‘வரேன்’னு.”

அக்கா கணக்குப் போடும் கருவியிலிருந்து தலையைத் தூக்கினாள். நம் வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

“நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டு, எங்க பாஷையில போறேன்னு சொல்லக் கூடாது, பிரியும்போது வரேன்னுதான் சொல்லணும்னு வாயில வரவழைச்சேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் மூணு பேரும் அழுதோம். இப்ப அதை வச்சே என்னை வழியனுப்பிட்டா. வளர்த்த கடா மார்ல பாஞ்சிருச்சு. படிச்ச மறு நொடியே ரெண்டு பேரையும் பிளாக் பண்ணிட்டேன்.”

இதைக் கேட்டதும் அக்காவுக்கும் ரத்தம் கொதித்தது. முகத்துக்கு நேரே சண்டை போட்டிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். சொல்லிக் கொடுத்தவளிடமே அந்தச் சொல்லைச் சொல்லிக் கை கழுவுவதா? நல்ல வேலை செய்தாய், அவர்கள் இனி இந்தக் கடை வாசலில் வந்து நின்றாலும் முகத்தில் முழிக்காதே என்றாள். மிளகாய் தலையாட்டினாள். கண்ணீர் மட்டும் பேச்சுக் கேட்காமல் வந்தது.

கடை ஃபோன் அடித்தது. கை முழுக்க லென்ஸ் துடைக்கும் துணியாக இருந்ததால் அக்கா ஸ்பீக்கரை அழுத்தினாள். ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையத்தின் விசாரணை மேசையிலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார்.

“உங்க கடை நம்பர் போட்ட கண்ணாடிப் பெட்டியைக் காட்டுறாங்கம்மா, ரெண்டு வெளிநாட்டுப் பொண்ணுங்க. ஃப்ளைட் நேரமெல்லாம் அனுப்பியும் அவங்க தோழிக்கு ஒண்ணுமே போய்ச் சேரலையாம், காலையிலேர்ந்து இங்கயே காத்துக்கிட்டு இருக்காங்க. மாசக்கணக்கா விசாவுக்கு அலைஞ்சு, முன்கூட்டியே ‘வரேன்’னு சொல்லிட்டுத்தானே வந்தோம்னு எங்க மேல எரிஞ்சு விழறாங்கம்மா.”