டிங்கோ செவன்

ஒரே ஒரு திண்டுக்கல்லாம். அதுல மூணே மூணு லேப்டாப் கடையாம். நிஜத்துல நிறைய இருக்கு, இந்தக் கதைக்கு மூணு போதும்.

அந்த மூணு கடையையும் பார்த்துவிடுவது என்று வடமதுரையில் பஸ் ஏறினார் செபாஸ்தியம்மாள். தோட்டத்தில் தக்காளி போடுகிறவர். கையில் ஒரு துண்டுச்சீட்டு. என்ன சாஃப்ட்வேர், என்ன மைக் என்று மகள் ரோசலின் எழுதிக் கொடுத்தது.

ரோசலின் வீட்டிலிருந்தே இசையமைக்கிறவள். ஒரு குறும்படத்துக்கு இசை போட முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தே நாளில் முடிக்க வேண்டும். பழைய லேப்டாப்போ நாலு ட்ராக் சேர்ந்தாலே மூச்சு வாங்கியது. "எல்லாம் ஓடும்" என்று சொல்லி யாரோ விற்றது. அது பாதிப் பாட்டில் நின்றதில் போன வருஷம் ஒரு கல்யாண ஆல்பம் கைநழுவிப் போயிருந்தது.

இந்தத் தடவை கடைக்குத் தானே போவதாக ரோசலின் குதித்தாள். அம்மா விடவில்லை.

"நீ போனா பல்லக் காட்டிக்கிட்டு நிப்ப. ஒன் மூஞ்சியப் பாத்தே எதையாச்சும் தலையில கட்டிருவாங்க. நான் போறேன்."

முதல் கடையில் கண்ணாடிக் கதவு, ஏசி. கடைக்காரர் அருள்நாதன் சீட்டை முழுசாகப் படிக்கவே இல்லை. இசை என்றாலே மேக்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்.

செபாஸ்தியம்மாள் சீட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இந்த டிங்கோ செவன் இதுல ஓடுமா தம்பி?"

"டிங்கோவா? பட்டையக் கிளப்பும்மா."

அதற்குள் போன். எந்தக் கலரும்மா, கீபோர்டுல லைட் எரியுதா என்று ரோசலின் மூச்சுவிடாமல் கேட்டாள். பொறுடி என்று போனை வைத்தவர், அப்படியே கடையை விட்டு இறங்கினார்.

இரண்டாவது கடை முத்துக்கிருஷ்ணனுடையது. மேக்கெல்லாம் வெறும் பகட்டு, விண்டோஸ்தான் எதற்கும் வளைந்து கொடுக்கும் என்று பெரிய பிரசங்கமே வைத்தார். டிங்கோ செவன் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் மச்சானே அதில்தான் பாட்டுப் போடுகிறாராம். போன வாரம் இவர்தான் ஏற்றிக் கொடுத்தாராம்.

"அடுத்து டிங்கோ எய்ட் வருதும்மா. நம்மகிட்ட வாங்குனா அதையும் சும்மாவே ஏத்தித் தாரேன்."

செபாஸ்தியம்மாள் பெரிதாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாங்கவில்லை.

மறுபடியும் போன். வாங்கியாச்சாம்மா என்றாள் ரோசலின். அவள் குரலே பாதி பாடிக்கொண்டிருந்தது.

மூணாவது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இஷாக் பாய் கடை. மின்விசிறி மட்டும் ஓடியது. அவர் தங்கை மகன் அல் அமீன் சீட்டை ரெண்டு தடவை படித்தான். மகள் ஒரு பாட்டுக்கு எத்தனை ட்ராக் போடுவார், மைக்கைச் சொருகுகிற பெட்டி எது என்று விசாரித்தான். செபாஸ்தியம்மாள் போனிலிருந்த படத்தைக் காட்டினார்.

சாஃப்ட்வேர் விண்டோஸ், மேக் ரெண்டிலும் ஓடும், ஆனால் இந்தப் பெட்டி பழசு, புது மேக்குக்கு ஏற்ற டிரைவர் இதற்கு வரவில்லை என்றான். "மேக்குக்குப் போனா பெட்டியையும் மாத்தணும்மா. விண்டோஸ் போதும். மெமரி மட்டும் பதினாறு ஜிபிக்குக் கொறையாம எடுங்க. இல்லைன்னா இவங்க இப்ப கட்டைய அமுக்குவாங்க, சத்தம் செத்த நேரம் கழிச்சு வரும்."

பிறகு கடைசி வரிக்கு வந்தான். மேலே இருந்ததெல்லாம் நீல மையில் அழகான எழுத்து. இது மட்டும் பென்சிலில், கோணல்மாணலாக இருந்தது. நெட்டில் தேடினான். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினான்.

"டிங்கோ செவன்னு ஒண்ணு எனக்குத் தெரியலம்மா. பாப்பாகிட்டக் கேட்டுட்டு நாளைக்கு வாங்களேன்."

இஷாக் பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஏலே அமீனு, காலையிலருந்து வந்த ஒரே யாவாரம். ஓடும்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?"

"தெரியாததை எப்படி மாமா ஓடும்னு சொல்றது? ஓடலைன்னா அந்தப் பிள்ளைக்குப் பத்து நாளும் போச்சே."

செபாஸ்தியம்மாள் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"நீ சொன்ன லேப்டாப்பையே கட்டிக் குடு தம்பி," என்றார்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். ரோசலின் போட்ட கூச்சல் போனைத் தாண்டி வந்து இஷாக் பாயையே சிரிக்க வைத்தது.

அல் அமீனுக்குத்தான் மனசு ஆறவில்லை. வாசல் வரை கூடவே வந்தான். "அம்மா, அந்த டிங்கோ செவன் என்னன்னு பாப்பாகிட்டக் கேட்டு எனக்கும் சொல்லுங்க. தெரிஞ்சு வச்சுக்கிறேன்."

"அவளுக்கும் தெரியாது அப்பு. அந்த வரி நான் எழுதுனது. டிங்கோ எங்க வீட்டு நாயி. போன வாரம் ஏழு குட்டி போட்டிருக்கு."

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கியவர், திரும்பிப் பார்த்தார்.

"அடுத்து எட்டாவது வருதுன்னு ஒரு கடையில சொன்னாங்க. போயி எண்ணிப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு வடமதுரை பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.