வெளுத்த பாறைகள்

மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வீடு திரும்பியவர், சட்டையைக்கூட மாற்றாமல் மீன்தொட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை விளக்கு கண் கூசும்படி எரிகிறது. தண்ணீரின் நெளிவு மேற்கூரையில் ஆடுகிறது. பாறைகளின் மேல் ரோஜா நிறப் பூச்சாக அவர் ஆண்டுக்கணக்கில் படரவிட்ட கடல்பாசி சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கிறது. வெளிச்சம் எட்டாத அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கிறது. கண்ணாடியில் விரலை வைத்துப் பாறை பாறையாக நகர்த்துகிறார். பின்னால் நிற்கும் மனைவி மருந்துப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். “இது மங்கலான நீல வெளிச்சத்துல வளர்றது. வெளிச்சம் கூடினா பொசுங்கிடும். கிளம்புற அவசரத்துல நான்தான் லைட்டை மாத்தி வெச்சிருக்கேன் போல,” என்கிறார் அவர். மோட்டார் முனகுகிறது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி அவரோடு போய்விடும். “நீங்க இல்லைங்க, நான்தான். வீடியோ கால்ல உங்களுக்கு மீனெல்லாம் பளிச்சுனு தெரியட்டுமேன்னு முழுசா ஏத்தி வெச்சேன். அப்படியே விட்டுட்டேன்,” என்கிறாள். அவர் எட்டி விளக்கைக் குறைக்கிறார். அறையில் நீலம் பரவுகிறது. திரும்பாமலே, “வீடியோல நான் மீனையா பார்த்துட்டிருந்தேன்?” என்று கேட்கிறார். திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். இதற்கு நிற்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, தம்ளர் எடுக்காமல் நிற்கிறாள்.